உடலுக்குள் வைக்கும் பட்டு: எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது?

செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டை வெட்டுகிறவர்களுக்குக் கையில் முள் ஏறுவது புதிதல்ல. அன்றைக்கே ஊசியால் நெம்பி எடுத்துவிட்டால் மறுநாள் வேலைக்குப் போய்விடலாம். நுனி முறிந்து உள்ளே தங்கிவிட்டால்தான் தொல்லை. முதல் நாள் சிவந்து சுருக்கென்று குத்தும். இரண்டு மூன்று நாளில் வீங்கும். சில வாரம் போனால் வலி தணிந்து, தோலுக்கடியில் பட்டாணி போல் ஒன்று கெட்டியாக உருளும். "டிரசர் ஐயா, முள்ளு இத்துணூண்டு, கட்டி மட்டும் ஏன் இவ்வளவு பெருசு?" என்று தோட்டத்து கிளினிக்கில் கேட்பார்கள். அந்தக் கட்டியைக் கீறிப் பார்த்தால் முள் ஓர் ஓரத்தில் துளியாகத்தான் இருக்கும். மீதியெல்லாம் முள்ளைச் சுற்றி உடம்பே எழுப்பிய சுவர்.

திசுப்பொறியியலில் பட்டுப் புரதத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சுவரைப் பற்றித்தான் பேசுகிறோம். கிழிந்த தசைநார், தேய்ந்த குருத்தெலும்பு, வெந்துபோன தோல் ஆகியவற்றை மீண்டும் வளர்க்க, துளைகள் நிறைந்த ஒரு சாரத்தை அந்த இடத்தில் வைப்பார்கள். வீடு கட்டும்போது கட்டுகிற சாரம் மாதிரிதான். உயிரணுக்கள் அதில் ஏறிப் பரவிப் புதுத் திசுவைக் கட்டும். வேலை முடிய முடிய சாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டும். பட்டு இதற்கு மிகப் பொருத்தமான பொருள்களில் ஒன்று. ஆனால் உடம்பின் கணக்கில் அதுவும் ஒரு முள்.

ஆகவே "பட்டை உடம்பு எதிர்க்குமா?" என்ற கேள்வி மாணவர்களை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. எதிர்க்கும், கட்டாயம் எதிர்க்கும். எவ்வளவு எதிர்க்கிறது, எத்தனை நாள், எதைக் கண்டு எதிர்க்கிறது என்று பிரித்துக் கேட்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரையில் அதிக இடம். பட்டின் தலையில் கட்டப்படும் பழியில் பெரும்பகுதி பட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த வேறு பொருள்களுக்கு உரியது. அவற்றை நீக்குவதும் விட்டுவைப்பதும் ஆய்வுக்கூடத்துக் கொதிகலத்தில்தான் தீர்மானமாகின்றன.

முள்ளைச் சுற்றி நடப்பது

1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் எலி மெட்ச்னிகாஃப் என்ற விலங்கியலாளர், கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது, ஊர்ந்து திரியும் உயிரணுக்கள் முள்ளை மொய்த்துக்கொண்டு இருந்தன. அன்னியப் பொருளை விழுங்கும் உயிரணுக்கள் என்ற கருத்து அங்கிருந்து வந்தது. 1908-இல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அவர் கண்ட காட்சியை இன்று நாள்கணக்காகப் பிரித்துச் சொல்ல முடிகிறது. பட்டு உள்ளே போன சில நொடிகளிலேயே இரத்தத்திலுள்ள ஆல்புமின், ஃபைப்ரினோஜென், காம்ப்ளிமென்ட் புரதங்கள் அதன் மேல் படிந்துவிடும். பின்னால் வருகிற உயிரணுக்கள் பெரும்பாலும் வெறும் பட்டைத் தொடுவதில்லை. படிந்த அந்தப் புரதப் படலத்தைத்தான் தொட்டுப் பார்க்கின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் வந்து குவியும். ஓரிரு நாளில் அவை ஓய்ந்துவிட, இரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் இறங்கி மெக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கிகளாக மாறும்.

பட்டை எப்படி நடத்துவது என்று முடிவு செய்வது இந்தப் பெருவிழுங்கிகள்தான். ஒரு சில மைக்ரோன் அளவுள்ள துணுக்கு என்றால் அப்படியே விழுங்கிவிடும். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்கள் கொண்ட இராட்சத உயிரணுவாகி, பொருளின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டு, அமிலத்தையும் நொதிகளையும் கக்கும். இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்ற இரண்டு சமிக்ஞைப் புரதங்கள் இந்த இணைப்பைத் தூண்டுகின்றன. இதற்கும் அசையாத பொருளை, நார்த்திசு உயிரணுக்கள் வந்து கொலாஜன் உறை போட்டு மூடும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் உறை கண்ணுக்குத் தெரியும்.

தையல் நூலுக்கு மெல்லிய உறை ஒரு பொருட்டே இல்லை. சாரத்துக்கோ அது உயிர் போகிற விஷயம். கெட்டியான உறை போட்டால் இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைய முடியாது. உள்ளே விதைத்த உயிரணுக்கள் பட்டினியில் சாகும். பொருள் ஒன்றே ஆனாலும் எங்கே, எதற்கு வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே எதிர்ப்பு நல்லதாகவும் கெட்டதாகவும் ஆகிறது.

பாடநூல்கள் பெருவிழுங்கிகளை எம்1, எம்2 என்று இரண்டாகப் பிரிக்கும். எம்1 தாக்கும் கட்சி, டி.என்.எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6 ஆகிய அழற்சி தூண்டும் சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கும். எம்2 சீர்செய்யும் கட்சி. உண்மையான திசுவில் இடைப்பட்ட நிலைகள் எத்தனையோ உண்டு. தொடக்கப் பாடத்துக்கு இந்தப் பிரிவு போதும். எம்1 கெட்டது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. முதல் சில நாள் அது வந்து குப்பை கூட்டாவிட்டால் காயமே ஆறாது. இரண்டு மூன்று வாரம் கழிந்தும் அது விலகாமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். எதுவோ ஒன்று அதைச் சீண்டிக்கொண்டே இருக்கிறது என்று பொருள்.

ஒரே இழையில் இரண்டு புரதங்கள்

மல்பெரி பட்டுப்புழு கட்டும் ஒரு கூட்டில் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் இழை இருக்கும். அந்த இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் ஃபைப்ராயின் இழைகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். அவற்றைச் சுற்றிச் செரிசின் என்ற பசை பூசியிருக்கும். எடைக் கணக்கில் ஃபைப்ராயின் 70 முதல் 80 விழுக்காடு. செரிசின் 20 முதல் 30.

ஃபைப்ராயினில் சுமார் 390 கிலோ டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள கனத்த சங்கிலியும், அதனோடு கந்தகப் பிணைப்பால் கோர்த்த 26 கிலோ டால்டன் சிறு சங்கிலியும் உண்டு. கூடவே பி25 என்ற சர்க்கரை ஒட்டிய புரதம். கனத்ததும் சிறியதும் ஆறுக்கு ஆறு என்றால் பி25 ஒன்று. கனத்த சங்கிலியில் கிளைசினும் அலனினும் மாறி மாறித் திரும்பத் திரும்ப வரும். இரண்டுமே மிகச் சிறிய அமினோ அமிலங்கள். அதனால் சங்கிலிகள், ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குகளை ஸ்டோரில் கழுவி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைப்பதுபோல் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். இந்த அடுக்குக்குப் பீட்டா தகடு என்று பெயர். நொதி நுழையவும் இடமில்லை, நோயெதிர்ப்பு உயிரணு பிடித்து ஆராய நீட்டிக்கொண்டு இருக்கும் கைப்பிடிகளும் குறைவு. ஃபைப்ராயின் பெரும்பாலும் சாதுவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

செரிசின் இதற்கு நேர்மாறு. அதன் அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று செரின். நீரை இழுக்கும், ஒட்டும், வெந்நீரில் கரையும்.

கையுறைத் தொழிற்சாலையில் தெரிந்த பாடம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் பால்மரத்தோடும் (ரப்பர் மரம்) கையுறையோடும் பழகிய குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. இயற்கை ரப்பர் கையுறை போட்டால் சிலருக்கு உடம்பு தடித்துப் போகும், சிலருக்கு மூச்சே இழுக்கும். குற்றம் ரப்பர்மேல் சொல்லப்படுகிறது. ஆனால் ரப்பர் என்கிற பாலிஐசோபிரீன் ஒரு புரதமே இல்லை. பாலோடு சேர்ந்து வந்த மரத்தின் புரதங்கள்தான் ஒவ்வாமை தருபவை. அவற்றை 'ஹெவ் பி' என்று எண் போட்டு வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் தொழிற்சாலையில் கையுறையை வெந்நீர்த் தொட்டிகளில் ஓட்டிக் கழுவுகிறார்கள். அமெரிக்கத் தரநிலை ஒன்றில், பரிசோதனைக் கையுறையில் நீரில் கழன்று வரும் புரதம் சதுர டெசிமீட்டருக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. பவுடர் அந்தப் புரதத்தைக் காற்றில் தூக்கிச் சென்றது. பவுடர் போட்ட மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கையுறை அரிப்பிலேயே இரண்டு வகை இருப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். போட்ட சில நிமிடங்களில் தடிப்பது ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளால் வருவது, புரதம் காரணம். ஒன்றிரண்டு நாள் கழித்து வெடித்து உரிவது டி உயிரணுக்கள் என்ற வெள்ளணுக்களால் வருவது. ரப்பர் கெட்டிப்படுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் இரசாயனங்கள் காரணம். பட்டிலும் இந்த இரண்டையும், மேலே சொன்ன முள் எதிர்ப்பையும் மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். "பட்டு அலர்ஜி" என்று ஒரே மூட்டையில் கட்டினால் எதையும் சரி செய்ய முடியாது.

பட்டுத் தையல் நூல் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. பசை சரியாக நீக்காத பழைய நூல்களில் ஒவ்வாமை வந்தபோது, பழி செரிசின் மேல் விழுந்தது. பட்டாலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்ததும் இந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தியது. ஆனால் பின்னால் பெருவிழுங்கிகளை வைத்துச் செய்த சோதனைகள் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லின. கரைத்த செரிசினைத் தனியாகக் கொடுத்தபோது உயிரணுக்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பாக்டீரியாவின் நச்சோடு சேர்த்துக் கொடுத்தபோதுதான், நச்சு தனியாகத் தருவதைவிட எதிர்ப்பு கூடியது. மிச்சமிருக்கும் செரிசினும் மிச்சமிருக்கும் பாக்டீரியா நச்சும் கூட்டாளிகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கழுவும் வேலைக்குப் போக வேண்டும்.

கழுவுதல், கரைத்தல்

காய்ந்த கூடுகளைக் கத்தரியால் நான்காக வெட்டி, உள்ளே கிடக்கும் கூட்டுப்புழுவையும் அது கறையாக்கிய உள்படலத்தையும் எறிந்துவிட வேண்டும். இதில் அவசரம் கூடாது. புழுவின் உடலிலுள்ள அர்ஜினின் கைனேஸ் என்ற புரதம் தனியாகவே ஒவ்வாமை தரக்கூடியது. பட்டுப்புழுவைச் சமைத்துத் தின்று உயிராபத்து வரை போனவர்கள் உண்டு. இப்படிச் சுத்தம் செய்த துண்டுகளில் 5 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2 லிட்டர் தூய நீரைக் கொதிக்க வைத்து 4.24 கிராம் சோடியம் கார்பனேட் போட்டால் 0.02 மோலார் கரைசல் கிடைக்கும். தளதளவென்று கொதிக்கும்போது துண்டுகளைப் போட்டு, கிளறிவிட்டுக்கொண்டே 30 நிமிடம். காஞ்சிபுரத்தில் கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைப்பதும் இதே வேலைதான். பசை போன பிறகுதான் பட்டுக்கு மினுமினுப்பும் மென்மையும் வருகின்றன. பிறகு 1 லிட்டர் குளிர்ந்த தூய நீரில் 20 நிமிடம் அலசிப் பிழிய வேண்டும். இப்படி மூன்று முறை. இரவு முழுக்கக் காய விட வேண்டும்.

காலையில் எடை போடுவதைத் தவிர்க்கவே கூடாது. 5 கிராம், சுமார் 3.6 கிராமாக இறங்கியிருக்க வேண்டும். 4.2 கிராம் நிற்கிறது என்றால் செரிசினில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் நூலிலேயே இருக்கிறது. கையிலும் தெரியும். சரியாகக் கழுவிய பட்டு பஞ்சுபோல் பிரிந்து வரும். பசை மிஞ்சியது கற்றை கற்றையாக ஒட்டி, விறைப்பாக இருக்கும். உறுதி செய்ய, பிக்ரோகார்மின் சாயத்தில் ஒரு சிட்டிகை நூலைப் போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்: செரிசின் சிவப்பாகவும் ஃபைப்ராயின் மஞ்சளாகவும் தெரியும். எடை இறங்காமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். தண்ணீர் கொதிக்குமுன் போட்டது, சின்னக் கலத்தில் நிறைய அடைத்தது, துண்டுகள் பந்தாகச் சுருண்டு நடுவில் நீர் புகாமல் போனது.

அப்படியானால் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். கூடாது. காரமும் கொதிப்பும் ஃபைப்ராயின் சங்கிலியையும் நறுக்கத் தொடங்கிவிடும். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் கனத்த சங்கிலியின் பட்டை மறைந்து, மேலிருந்து கீழ்வரை ஒரு மங்கல் தீற்றல்தான் தெரியும். அந்தப் பட்டில் செய்த சாரம் வலுவில்லாமல் சீக்கிரம் கரையும், சிறு துணுக்குகளை உதிர்க்கும். பெருவிழுங்கிகளுக்கு அது ஓயாத தீனி. 30 நிமிடம் என்பது இரண்டு தீமைகளுக்கு நடுவே எடுத்த சமரசம்.

அடுத்தது கரைப்பது. 9.3 மோலார் லித்தியம் புரோமைடு கரைசல், 1 கிராம் பட்டுக்கு 4 மில்லிலிட்டர். 3 கிராம் பட்டு என்றால் 12 மில்லிலிட்டர், அதற்கு 9.7 கிராம் உப்பு வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. லித்தியம் புரோமைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். திறந்து வைத்த போத்தலில் உப்பு கசிந்து பாகாகிவிடும். தராசு 9.7 என்று காட்டினாலும் அதில் ஒரு பகுதி வெறும் தண்ணீர். கரைசல் 9.3 மோலாரை எட்டாது, பட்டு முழுதாகக் கரையாது, வெள்ளை நார்கள் மிதக்கும். சிறு போத்தல்களாக வாங்கி, ஈரமுறிஞ்சிப் பெட்டியில் வைத்து, எடுத்தவுடன் எடை போட்டு மூடிவிடுவதே வழி. நீரில் சேர்க்கும்போது நன்றாகச் சூடேறும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். 60 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் வைத்தால் தேன் நிறத்தில் தெளிவான கெட்டிக் கரைசல் வரும்.

அதை, 3.5 கிலோ டால்டனைவிடச் சிறியவற்றை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் ஊற்றி, 1 லிட்டர் தூய நீரில் தொங்கவிட்டு, 48 மணி நேரத்தில் ஆறு முறை நீர் மாற்ற வேண்டும். லித்தியம் மிஞ்சினால் உயிரணுக்கள் சாகும். செத்த உயிரணுக்களே அழற்சியைக் கிளப்பும். பார்ப்பவர் அதையும் பட்டின் கணக்கில் எழுதிவிடுவார். கடைசி மாற்றத்தில் நீரின் மின்கடத்தலை அளந்து, அது தூய நீரின் அளவுக்கு இறங்கியதா என்று பாருங்கள். பிறகு குளிர் நிலையில் நிமிடத்துக்கு 9,000 சுழற்சியில் 20 நிமிடம், இரண்டு முறை சுழற்றினால் தூசும் கரையாத நாரும் அடியில் தங்கிவிடும். மேலே 6 முதல் 8 விழுக்காட்டுக் கரைசல் நிற்கும். ரப்பர்ப் பாலின் ரப்பர் அளவைக் காய வைத்து எடை போட்டுக் கண்டுபிடிப்பதுபோல், இதிலும் அரை மில்லிலிட்டரை 60 டிகிரியில் காய வைத்து நிறுத்தால் விழுக்காடு தெரிந்துவிடும். 4 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும். குலுக்கவோ அமிலம் படவோ விட்டால், திராவகம் பட்ட ரப்பர்ப் பால் மாதிரி உறைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

பாக்டீரியா நச்சு என்று மேலே சொன்னது எண்டோடாக்சின். கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் மேற்சுவரிலுள்ள கொழுப்பு-சர்க்கரைப் பொருள் அது. பெருவிழுங்கியின் மேலுள்ள டி.எல்.ஆர்-4 என்ற ஏற்பி இதை மோப்பம் பிடித்தவுடன் டி.என்.எஃப்-ஆல்ஃபா கொட்டும். இந்த ஏற்பியின் வேலையைக் கண்டுபிடித்ததில் புரூஸ் பாய்ட்லருக்கு 2011 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மேலே சொன்ன 48 மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். 30 டிகிரி அறையில், புரதம் நிறைந்த பை, திறந்த பீக்கர், நீர். பாக்டீரியாவுக்கு இதைவிட விருந்து இல்லை. கடைசியில் ஆட்டோகிளேவில் வைத்தால் பாக்டீரியா செத்துவிடும், எண்டோடாக்சின் சாகாது. 121 டிகிரி நீராவி அதற்கு ஒரு பொருட்டில்லை. 70 விழுக்காடு எத்தனால் அதை நீக்காது. கிருமி இல்லாததும் எண்டோடாக்சின் இல்லாததும் ஒன்று என்று நினைப்பதே இந்தத் துறையில் மிகப் பெரிய தவறு. வெளியான ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் வேண்டும். கண்ணாடிக் கலன்களை 250 டிகிரி உலர் சூட்டில் 30 நிமிடம் சுட வேண்டும். சாரத்தில் துளை உண்டாக்கப் போடும் சமையல் உப்பையும் இப்படியே சுடலாம், அது தாங்கும். பட்டு தாங்காது. அதனால் பட்டுக்குள் நச்சு புகாமல் பார்ப்பது மட்டுமே வழி. எண்டோடாக்சின் அளந்து சான்று தந்த நீர், மூடிய கலன், குளிர் அறையில் சவ்வூடு பிரிப்பு.

அளக்கிற முறை நம் கடற்கரையோடு தொடர்புடையது. பெலாங்காஸ் என்று மீனவர்கள் சொல்லும் குதிரைலாட நண்டின் நீல இரத்தம், எண்டோடாக்சின் துளி பட்டாலும் உறைந்துவிடும். இந்தச் சோதனை அதன் இரத்த அணுச் சாற்றை வைத்துத்தான் நடந்துவந்தது. 1990-களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சதுப்புநிலக் குதிரைலாட நண்டில், எண்டோடாக்சினை உணரும் காரணி சி என்ற புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். நண்டைப் பிடித்து இரத்தம் எடுக்காமலே அளக்க அது வழி திறந்தது. ஈரப்பதமான ஊரில் புதுமுறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பூஞ்சையின் பீட்டா-குளுக்கன் பழைய சாற்றில் பொய்யாக உறைவைக் காட்டும். காரணி சி மட்டும் உள்ள சோதனையில் காட்டாது. பூஞ்சை பிடித்த கூட்டை வாங்கியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவச் சாதனம் ஒன்றுக்கு அமெரிக்க வரம்பு 20 எண்டோடாக்சின் அலகு. மூளை-தண்டுவட நீரைத் தொடுவது என்றால் 2.15 மட்டுமே.

எவ்வளவு நாள் நிற்கும்

நன்றாகக் கழுவிய பட்டிலும் எதிர்ப்பு ஒரே மாதிரி இருக்காது. வடிவமும் கரையும் வேகமும் அதை மாற்றும். தையல் நூலையே பாருங்கள். மருந்துத் தரப் புத்தகம் அதைக் கரையாத தையல் நூல் என்று வகைப்படுத்துகிறது; ஆனால் உடம்பில் ஏறக்குறைய ஓராண்டில் வலுவில் பெரும்பகுதியை இழந்து, இரண்டாண்டு வாக்கில் மறைந்துவிடும். கரையாத நூல்களில் திசு எதிர்ப்பு அதிகமுள்ளது பட்டு என்று அறுவைச் சிகிச்சைப் புத்தகங்கள் சொல்வதும் உண்மை. அது பின்னிய, மெழுகு பூசிய நூல். பின்னலின் இடுக்குகளில் பாக்டீரியா பதுங்கும். அதே ஃபைப்ராயினில் செய்த வழுவழுப்பான படலத்தை விலங்குகளில் வைத்துப் பார்த்தபோது, எதிர்ப்பு கொலாஜன் படலத்தோடு ஒப்பிடும் அளவில்தான் இருந்தது. நூலின் பெயரைப் படலத்துக்கு ஒட்டுவது நியாயமில்லை.

கரையும் வேகத்தைச் செய்முறை தீர்மானிக்கிறது. எலிகளில் வைத்த சாரங்களில், நீர்க்கரைசலில் செய்தவை 2 முதல் 6 மாதத்தில் கரைந்துவிட்டன. ஃப்ளூரின் சேர்ந்த ஆல்கஹால் கரைப்பானில் செய்தவை ஓராண்டைத் தாண்டியும் நின்றன. மெத்தனாலில் முக்கினாலோ நீராவியில் வைத்தாலோ பீட்டா தகடு கூடும், கரைவது தாமதமாகும். எலும்புக்கு நீண்ட காலம் வேண்டும், தோலுக்குச் சில வாரம் போதும். தேவைக்கு மேல் நிற்கும் சாரம் உள்ளே தங்கிய முள்தான்.

கரையும்போது பட்டுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. பாலிலாக்டிக் அமிலம் கரைந்தால் லாக்டிக் அமிலம் தேங்கி அந்த இடம் புளித்துப்போகும், அதுவே அழற்சியைக் கிளப்பும். பட்டு நொதிகளால் வெட்டுப்பட்டுச் சிறு பெப்டைடுகளும் அமினோ அமிலங்களுமாகப் போகிறது.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டு மெத்தை, பட்டுப்புழு உணவு, பட்டுத் தையல் ஆகியவற்றில் முன்பு தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். ஃபைப்ராயின் சாது என்பது பெரும்பாலோருக்கு உண்மை. ஏற்கெனவே எதிர்ப்பொருள் உள்ளவரின் உடம்பு அந்தக் கணக்கைப் பார்க்காது.

சோதித்துப் பார்ப்பது

முதல் கட்டம் கிண்ணத்தில். டி.எச்.பி-1 என்ற மனித மோனோசைட் வரிசையைப் பெருவிழுங்கியாக மாற்றி, பட்டின் மேல் 24 மணி நேரம் வளர்த்து, டி.என்.எஃப்-ஆல்ஃபாவை எலைசா முறையில் (எதிர்ப்பொருளைக் கொண்டு புரத அளவைக் காணும் முறை) அளப்பார்கள். வெறும் கிண்ணம் ஒன்று, எண்டோடாக்சின் வேண்டுமென்றே போட்ட கிண்ணம் ஒன்று ஒப்பீட்டுக்கு. மூன்றாவதாக, பட்டோடு பாலிமிக்சின்-பி சேர்த்த கிண்ணமும் வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். அந்த மருந்து எண்டோடாக்சினைப் பிடித்துக் கட்டிப்போடும். அது சேர்ந்த கிண்ணத்தில் டி.என்.எஃப் சட்டென்று விழுந்தால், உயிரணு கத்தியது பட்டைப் பார்த்து இல்லை, நீரைப் பார்த்து. அந்தத் தொகுதியை எறிந்துவிட்டு மீண்டும் கூடு வெட்டுவதிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அடுத்து விலங்கில். ஐ.எஸ்.ஓ. 10993 தரநிலையின் 6-ஆம் பகுதி இதற்கான வழிகாட்டி. முதல் நான்கு வாரத்துக்குள் ஒரு பார்வை, 12 வாரம் தாண்டி ஒரு பார்வை. எப்போதும் பழக்கமான ஒரு பொருளைப் பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வைத்து. வெட்டிய திசுவில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் (டி உயிரணுக்களும் இந்த வகைதான்), பெருவிழுங்கி, இராட்சத உயிரணு என்று வகை வகையாக எண்ணி, 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள்.

முதல் வாரத் துண்டில் நியூட்ரோஃபில்கள் இருந்தால் பதற வேண்டாம், அறுத்த காயம் அது. நான்காம் வாரத்திலும் கூட்டமாக நின்றால் தொற்றோ எண்டோடாக்சினோ என்று தேடுங்கள். லிம்ஃபோசைட்டுகள் திரண்டிருந்தால் செரிசினையும் புழுப் புரதத்தையும் சந்தேகியுங்கள். எடைக் குறிப்பேட்டைத் திருப்பி அந்தத் தொகுதி எத்தனை கிராம் இறங்கியது என்று பாருங்கள். பட்டின் விளிம்பில் ஒன்றிரண்டு இராட்சத உயிரணுக்கள் உட்கார்ந்து அரித்துக்கொண்டு இருப்பது எதிர்பார்த்ததே. சாரம் கரைகிற வேலையே அதுதான். துளைகளுக்குள் சிவப்பணுக்கள் நிறைந்த நுண்குழாய்கள் தெரிகின்றனவா என்று பிறகு தேட வேண்டும். சாரத்தின் வெளி ஓரத்தில் மட்டும் இருந்தால் போதாது, நடுவிலும் இருக்க வேண்டும்.